வெள்ளிச் சிமிழும் வெறும் சங்கும்

ஓர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெரிய தாழம்புதர் ஒன்று இருந்தது. அதன் அடியில் சங்கு நண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன.

சங்கு நண்டு பாவப்பட்ட பிறவி. முன்பாதியில் கொடுக்கும் காலும் கெட்டியாக இருக்கும். பின்பாதி வெறும் சதை. ஒரு கொசு கடித்தாலும் துள்ளும்! அதனால் காலியாகக் கிடக்கும் சங்கைத் தேடிப் பிடித்து, பின்பாதியை அதற்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வீட்டை முதுகில் சுமந்தபடியே திரியும். உடம்பு வளரும், சங்கு வளராது. ஆகவே அவ்வப்போது வீடு மாற வேண்டும்.

இதற்கு அவற்றிடம் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசை விடியலில் கடல் உள்வாங்கியதும் எல்லா நண்டுகளும் மணலில் வரிசையாக நிற்கும். பெரியது முதலில், அதைவிடச் சிறியது அடுத்து, இப்படியே கடைசிப் பொடி நண்டுவரை. அலை ஒரு பெரிய சங்கைக் கொண்டுவந்து போட்டிருந்தால், முதல் நண்டு அதில் குடிபோகும். அது விட்ட சங்கில் இரண்டாவது நுழையும். இரண்டாவது விட்டதில் மூன்றாவது. ஒரே ஒரு சங்கு வந்தால் போதும், வரிசை முழுவதற்கும் புது வீடு!

சங்கு மாறும் நேரத்தில் பின்பாதி திறந்து கிடக்கும் அல்லவா? அப்போது பின்னால் நிற்பவர் கொடுக்கை விரித்துக் காவல் நிற்பார். தள்ளுமுள்ளு கிடையாது. நாம் பஸ் ஏறுகிற அழகைப் பார்த்தால் அந்த நண்டுகள் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

வரிசையில் முதலில் நிற்பவன் அலவன். நல்லவன்தான். ஆனால் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடப்பான். அவனுக்கு அடுத்து நிற்பவள் நள்ளி. அவள் சங்கு அவளுக்குப் பற்றாமல் போய் ரொம்ப நாளாகிறது. எவ்வளவு சுருண்டாலும் பின்பாதியில் ஒரு துண்டு வெளியே தெரியும். அலவன் எப்போது வீடு மாறுவான், அவன் சங்கு எப்போது கிடைக்கும் என்று அவள் காத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு புயல் கடலைக் கலக்கிவிட்டுப் போனது. அடுத்த அமாவாசையில் சங்கு எதுவும் ஒதுங்கவில்லை. கறுப்பாக ஏதோ ஒன்று மணலில் கிடந்தது. அலவன் அதைக் கொடுக்கால் தட்டினான். 'ணங்' என்றது.

"சங்கு இல்லண்ணே இது! வேற என்னவோ!" என்றாள் நள்ளி.

அலவன் அதை மணலில் புரட்டித் தேய்த்தான். கறுப்பு விலகியது. உள்ளே பளீரென்று வெள்ளி!

என்றோ மூழ்கிப்போன கப்பலில் இருந்த அத்தர்ச் சிமிழ் அது. மூடியைக் கடல் எடுத்துக்கொண்டது. உருண்டை வயிறு, குட்டைக் கழுத்து. வயிற்றைச் சுற்றி, இழை இழையான வெள்ளிக் கம்பியில் பின்னிய கொடி. கொடி நெடுக மாதுளம்பழங்கள், பழத்துக்கு ஒரு சிவப்புக் கல். இடையிடையே நம் பக்கம் காணாத பறவைகள். கழுத்தில் யாருக்கும் புரியாத எழுத்து. எந்தத் தேசத்துத் தட்டானோ, கண்ணைக் கொடுத்துச் செய்திருக்கிறான்.

"நான் இதுலதான் இருக்கப் போறேன்!" என்றான் அலவன்.

வழக்கப்படி நள்ளி கொடுக்கை விரித்துக் காவல் நின்றாள். அலவன் தன் சங்கிலிருந்து வெளியே வந்து சிமிழுக்குள் புகுந்தான். அளவு சரியாகவே இருந்தது. உடனே நள்ளியும் ஆசையோடு தன் சங்கிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டாள்.

"கொஞ்சம் இரு தங்கச்சி!" அலவன் தன் பழைய சங்கின்மேல் கொடுக்கை வைத்தான்.

"ஏண்ணே?"

"இது வரிசைல வந்த வீடு இல்லியே. சங்கே இல்ல. எனக்குன்னு கெடச்சது. அதனால பழசும் என்கிட்டயே இருக்கட்டும்."

"ரெண்டு வீட்ட வச்சுக்கிட்டு என்னண்ணே பண்ணப் போறீங்க?"

"ஒரு அவசரத்துக்கு ஆகும்ல? அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்!"

நள்ளி தன் சின்னச் சங்குக்குள் திரும்பிப் போனாள். ஒருவர் மாறாவிட்டால் பின்னால் யாரும் மாற முடியாது. வரிசை அப்படியே கலைந்தது. அலவன் பழைய சங்கை உருட்டிக்கொண்டு போய், தாழை வேருக்கு அடியில் இருந்த பொந்தில் ஒளித்துவைத்தான்.

அதற்குப் பிறகு அலவனைப் பிடிக்க முடியவில்லை! ஆற்று நத்தைகள் வந்து பார்த்தன. சேற்று நண்டுகள் வந்து பார்த்தன. ஓர் உள்ளான் குருவி சிமிழைச் சுற்றிச் சுற்றி நடந்து, "அம்மாடியோ!" என்றது. அலவன் காலையும் மாலையும் சிமிழை மணலில் உருட்டித் தேய்த்தான். ஒரு பொட்டுக் கறுப்பு ஒட்டவிடவில்லை.

ஊர் ஊராகப் பறக்கும் ஆலாப் பறவை ஒன்று அந்தக் கரையில் இளைப்பாற இறங்கியது. மீனைத் தவிர வேறு எதையும் அது சீண்டாது. அதனால் அலவன் தைரியமாக அதன் முன்னால் போய் நின்றான்.

"நீ நாலு நாடு பாத்தவ. இந்த மாதிரி எங்கயாவது பாத்திருக்கியா?"

ஆலா தலையைச் சாய்த்துப் பார்த்தது. "பாத்திருக்கேனே! பேரீச்ச மரம் நிக்கிற நாட்டுல இதே மாதிரி கம்பி வேலைய நெத்தில தொங்க விடுறாங்க. பனி பெய்யிற நாட்டுல மார்ல குத்திக்கிறாங்க. தீவுக்காரங்க காதுல போட்டுக் காத தோள் வரைக்கும் இழுத்து விட்டிருக்காங்க. இந்தப் பக்கம் மூக்குலயும் கால்லயும் போடுறாங்க."

"பாத்தியா! அத்தன பேருக்கும் வேண்டியிருக்கு!"

"வேண்டியிருக்குதான். ஆனா எல்லா நாட்டுலயும் ஒண்ணு பாத்தேன். படுக்கும்போது கழட்டி வச்சிட்டுத்தான் தூங்குறாங்க. நீ ஒருத்தன்தான் அதுக்குள்ளயே தூங்குற!"

ஆலா சிரித்துவிட்டுப் பறந்தது. அலவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அது சொன்னது அவனுக்குச் சுருக்கென்று பட்டது.

ஏனென்றால் சிமிழுக்குள் இருப்பது லேசுப்பட்ட காரியமாக இல்லை. உள்ளே பிடிமானம் கிடையாது, வழுக்கியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் சிமிழ் தோசைக்கல்லாகக் காய்ந்தது! பின்பாதி வெந்துவிடும்போல இருந்தது. அதனால் உச்சிவேளையில் அலவன் யாருக்கும் தெரியாமல் பொந்துக்குள் போவான். சிமிழை விட்டு இறங்கி, பழைய சங்குக்குள் புகுந்து, 'அப்பாடா' என்று கண்ணை மூடுவான். வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் சிமிழோடு வெளியே வருவான். காட்டுவதற்கு ஒரு வீடு, இருப்பதற்கு ஒரு வீடு!

ஒரு நாள் நள்ளி அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, வெயில் நேரத்துக்கு மட்டுந்தான் இந்தச் சங்கா?"

அலவன் திடுக்கிட்டான். "யார் உன்னை இங்க வரச் சொன்னது?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வெயில் நேரத்துல சிமிழோட ஈர மணல்ல புதைஞ்சுக்கலாமே. குளுகுளுன்னு இருக்கும். தினமும் நானே குழி தோண்டித் தர்றேன். இந்தச் சங்க மட்டும் எனக்குக் குடுங்க. ராத்திரியெல்லாம் எறும்பு பிடுங்குது. பயமா இருக்குண்ணே."

எவ்வளவு நல்ல யோசனை! அலவனுக்கும் அது புரிந்தது. ஆனாலும் அவன் வாயில் வேறு வந்தது.

"ஈர மணல்ல புதைஞ்சா வெள்ளி கறுத்துப் போகாதா? யார் உக்காந்து தேய்க்கிறது? சும்மா நச்சரிக்காத! அதான் அமாவாசைக்குப் பாக்கலாம்னு சொன்னேன்ல?"

நள்ளி திரும்பிப் போனாள். அவள் மணலில் போகும்போது, சங்குக்கு வெளியே தெரிந்த அந்தத் துண்டுச் சதை மணலில் உரசி உரசிப் போவதை அலவன் பார்த்தான். மனசு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது. ஒரு நிமிஷம்தான்.

அமாவாசை வந்தது. அன்று சங்கைக் கொடுத்துவிடுவது என்றுதான் அலவன் பொந்தைவிட்டுக் கிளம்பினான். ஆனால் சங்கைக் கையோடு உருட்டிக்கொண்டு வரவில்லை. முதலில் எல்லாரும் சிமிழைப் பார்க்கட்டும், கொஞ்சம் பேசட்டும், அப்புறம் போய் எடுத்துவரலாம் என்று நினைத்தான். அதற்காகவே சிமிழை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தேய்த்திருந்தான்.

வரிசை நின்றது. கடலிலிருந்து சூரியன் எழுந்தது. முதல் வெயில் சிமிழின்மேல் பட்டது. கரை முழுக்கப் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டியது!

தூரத்துத் தென்னையில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது. எத்தனையோ தடவை அந்தக் கரைக்கு மேலே பறந்த பருந்துதான். வரிசையாகக் கிடக்கும் சங்குகளைப் பார்த்து, அலை ஒதுக்கிய குப்பை என்று நினைத்துப் போய்விடும். அன்று பளிச்சென்றதைப் பார்த்து, என்னவென்று பார்க்க வந்தது. கிட்டே வந்ததும் கால்கள் அசைவது தெரிந்தது.

"பருந்து! பருந்து!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லா நண்டுகளும் சங்குக்குள் சுருண்டன. பருந்து நேராகச் சிமிழின்மேல் பாய்ந்தது. அலவன் உள்ளே ஒடுங்கிக்கொண்டான். அலகு வெள்ளியில் மோதி வழுக்கியது. மறுபடியும் கொத்தியது. மறுபடியும் வழுக்கியது.

"விடு அவர!"

நள்ளி மட்டும் சுருளவில்லை. முன்னால் இருப்பவருக்கு ஆபத்து என்றால் பின்னால் இருப்பவர் காவல். அதுதான் வழக்கம். அவள் கொடுக்கை விரித்துக்கொண்டு நின்றாள்.

பருந்து அவளைத் திரும்பிப் பார்த்தது. சங்குக்குள் அடங்காத அந்தத் துண்டுச் சதையையும் பார்த்தது. "அட, பாதி வெளியவே இருக்கியே!" என்று ஒரே எட்டில் அவளைப் பற்றிக்கொண்டு மேலே எழுந்தது.

"நள்ளி!" என்று அலவன் அலறினான்.

"இத்தன நாளா குப்பைன்னு நெனச்சுட்டேன்! நீ மினுக்கித்தானே வழி காட்டுன!" என்று பருந்து மேலேயிருந்து அலவனிடம் சொல்லிக்கொண்டே போனது.

சற்று நேரத்தில் நள்ளியின் சின்னச் சங்கு வானத்திலிருந்து மணலில் விழுந்தது. உடையவில்லை. காலியாக இருந்தது.

அலவன் சிமிழிலிருந்து எட்டிப் பார்த்தான். மாதுளம்பழத்தில் ஒரு கல்கூட உதிரவில்லை. கொடியில் ஓர் இழைகூட நெளியவில்லை. அவன் பொந்துக்கு ஓடினான். பழைய சங்கை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, நள்ளி நின்ற இடத்தில் வைத்தான்.

"எடுத்துக்க தங்கச்சி... கொண்டுவந்துட்டேன்..." என்றான்.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒவ்வொருவராகப் புதருக்குள் போய்விட்டார்கள்.

அன்றே அலவன் சிமிழை அலைக்குள் தள்ளிவிட்டான். ஓர் உடைந்த கொட்டாங்கச்சிக்குள் புகுந்துகொண்டான். அது இடுப்பில் குத்தும், நடந்தால் சரியும். தன் பழைய சங்குக்கு மட்டும் அவன் திரும்பவே இல்லை. ஒவ்வோர் அமாவாசையும் அதை உருட்டிவந்து, வரிசையில் தனக்குப் பின்னால் வைப்பான். அதற்குப் பின்னால் நிற்கும் நண்டுகளுக்கு அது மிகவும் பெரியது. அது நள்ளியின் அளவு. அவளைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத அந்தச் சங்கு, வரிசையில் காலியாக நின்றது.

பல அமாவாசைகள் போயின. அக்கரையிலிருந்து ஒரு பெண் நண்டு ஆற்றில் அடித்துவரப்பட்டு வந்து சேர்ந்தது. அதன் சங்கு வெள்ளத்தில் நொறுங்கியிருந்தது. வரிசையில் காலியாக இருந்த சங்கைப் பார்த்ததும் அதன் கண் விரிந்தது.

"இது யாரோடதுண்ணே?"

"நள்ளியோடது" என்றான் அலவன்.

"அவங்க இதுல இருந்தாங்களா?"

"இல்லம்மா" என்றான் அலவன். "இருந்திருக்கணும். நீ உள்ள போ. நான் காவல் நிக்கிறேன்."

அது சங்குக்குள் போய்ச் சேரும்வரை அவன் கொடுக்கை விரித்துக்கொண்டு நின்றான். அளவு கச்சிதமாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்குண்ணே!" என்று அது சொன்னபோது, அலவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் கொடுக்காத பொருளை, பிறகு யாருக்குக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீராது.