கண்டநடைத் தேர்வு

சாவு வீடுகளில் பறையடிக்கும் மாடக்கண்ணு மிருதங்கமும் படித்து, ஐந்தாம் கிரேடு தேர்வுக்கு வந்து உட்கார்ந்தானாம். தேறினால் பள்ளிக்கூடத்தில் மிருதங்க வாத்தியார் வேலை.

தேர்வாளர் முகம் சுளித்தார். "சாவுக்கு அடிக்கிற கைக்கு இது எதுக்குய்யா? சரி, எட்டாம் கிரேடு கண்டநடை வாசி, பார்ப்போம்."

"வாசிக்கிறேங்கய்யா. நீங்க தாளம் போடுங்க."

தட்டுக்கு ஐந்தைந்தாய் அடி விழ விழ, இரண்டாம் சுற்றிலேயே அவர் கை தடுமாறிப் போயிற்று. வாசலில் காத்திருந்த முதல் கிரேடு பிள்ளைகள் தொடையில் போட்ட தாளமோ பிசகவில்லை. அவனோடு சரியாக முடித்தார்கள். தேர்வாளர் கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

அவர் தாளில் எழுதினார்: "தாளம் தவறியது. தோல்வி."

மாடக்கண்ணு வாங்கிப் படித்தான். "எழுதினது நெசந்தாங்கய்யா. யாருக்குத் தவறுச்சுன்னுதான் எழுதலை."

பிள்ளைகள் சிரித்தார்கள். முத்திரை அதற்குள் குத்தியாயிற்று.