அடிபட்டவன் வேலை

பஞ்சாலையில் தீப்பிடித்தால் யார் என்ன செய்வது என்று மேனேஜர் சிதம்பரநாதன் பட்டியல் போட்டார். சங்கு ஊதுவது, கேட்டைத் திறப்பது, தண்ணீர் அடிப்பது, அடிபட்டவரைத் தூக்குவது எல்லாம் பியூன் இருளப்பனுக்கு. மேற்பார்வை மட்டும் தனக்கு.

ஒத்திகை பார்க்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். இருளப்பன் நின்ற இடத்திலேயே நின்றான்.

“ஓடுடா, வேலை போயிடும்,” என்றார் மேனேஜர்.

“எந்தப் பக்கம் ஓடுறதுங்கய்யா? உடம்பு நாலு பேருக்கானது, கால் ரெண்டுதானே. எனக்கு உருப்படியா வர்றது படுக்கிறது ஒண்ணுதான். அடிபட்டவனா என்னைப் போட்டுக்கோங்க.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுப் பட்டியலைத் திருத்தினார். மற்ற வேலைகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். அடிபட்டவரைத் தூக்க, கை சும்மா இருந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

இருளப்பன் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். மேனேஜர் குனிந்தார்.

“பார்த்துத் தூக்குங்கய்யா,” என்றான், “நூத்திப்பத்து கிலோ.”