புகைக்குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

"அம்மா, மறுபடியும் விரிசல் விட்டுடுச்சு," என்று மரகதம்மாவிடம் சொன்னார் தணிகாசலம்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருந்தது அந்தச் சின்ன ஆசிரமம். விருந்தாளிகள் அறையில் ஒரு விறகு அடுப்பு. அதன் புகைக்குழாய் மரப்பலகை சீலிங்கைத் தாண்டி மேலே போகும். பலகையில் பெரிய ஓட்டை போட்டு, அதைத் தகரத்தால் மூடியிருந்தார்கள். தகரத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அறையின் சூடெல்லாம் அந்த வழியாக ஏறிப்போய்விடும். போன சூட்டுக்குப் பதிலாகக் கதவிடுக்கில் குளிர் நுழையும்.

அந்த இடைவெளியைத் தணிகாசலம் இரண்டு முறை சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். இரண்டு முறையும் மறுநாளே வெடித்துவிட்டது.

அவருக்கு அறுபத்தொரு வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் இங்கே வந்து தங்கியவர். அடுத்தவன் பத்திரத்தில்கூட ஒரு புள்ளி விடுபட்டால் தூங்கமாட்டார். ஆசிரமத்தை நடத்தும் மரகதம்மா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"இன்னைக்கேவா பூசணும்?" என்று கேட்டார் மரகதம்மா.

"பதினோரு மணிக்குச் செழியன் வரான். மருமகளையும் கூட்டிட்டு வரான். அந்தப் பொண்ணுக்குக் குளிர் ஆகாது."

செழியன் ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன்னால், அவன் கல்யாணப் பந்தியில், எல்லாரும் பார்க்க அவனை அறைந்துவிட்டார் தணிகாசலம். தன் அண்ணனுக்கு முதல் பந்தியில் இடம் வைக்கவில்லை என்ற கோபம். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை மகன் வீட்டுக்குப் போனார். இரண்டு தடவையும் சண்டை போட்டுவிட்டு வந்தார். இந்த முறை அவனே வருகிறான். போனில் ஒன்றுதான் சொன்னான்.

"இதுதான் கடைசி, அப்பா."

விடிந்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவார். திரும்புவார். நாற்காலியை நகர்த்துவார். நகர்த்தியதைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போடுவார். பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றியது.

"மணி எட்டுதான் ஆகுது. உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். எழுந்தார்.

"சிமெண்டைக் கொஞ்சம் கெட்டியா வச்சா நிக்குமா அம்மா?"

மரகதம்மா எழுந்து அடுப்பருகே போனார். ஸ்டூல் மேல் ஏறி, தகரத்துக்குச் சற்றுக் கீழே, குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இறங்கினார்.

"அடுப்பைப் பத்த வைங்க."

பற்றவைத்தார். அரை மணி நேரம் போனது. அதற்குள் ஜன்னலுக்கு எத்தனை தடவை போயிருப்பார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்.

"இப்பப் பாருங்க."

அவர் ஸ்டூல் மேல் ஏறினார். கோடு தகரத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது.

"கோடு நகர்ந்திருக்கே."

"கோடு எங்கே நகரும்? குழாய் வளர்ந்திருக்கு. சூடானா வளரும்."

தணிகாசலம் இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க எப்பப் பூசினீங்க?"

"அடுப்பு அணைஞ்சு நல்லா ஆறினப்புறம். கை வைக்கணும்ல?"

"ம்," என்றார் மரகதம்மா.

அடுப்புக் கதவின் ஓரத்தில் வைக்கிற, தீப்பிடிக்காத கயிறு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தகரம் பலகையோட ஆணியடிச்சு நிக்குது. அது போதும். குழாயைப் பிடிச்சு எதையும் கட்டாதீங்க. கயிறு சும்மா சுத்தி இருக்கட்டும். குழாய் ஏறுறப்ப ஏறட்டும், இறங்குறப்ப இறங்கட்டும்."

தணல் தணிந்ததும் தணிகாசலம் தடித்த கையுறை போட்டுக்கொண்டு சிமெண்ட் சில்லுகளைப் பெயர்த்தார். இடைவெளியில் கயிற்றைச் சுற்றித் திணித்தார். கீழே விறகைத் தூண்டிவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அங்கே காட்டினார். புகை மேலே இழுபடவில்லை. தகரத்தின் கீழேயே சுற்றிக்கொண்டு இருந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையோடு சட்டைப் பையிலிருந்து நாலு பக்கக் காகிதத்தை எடுத்தார்.

"செழியன்கிட்ட சொல்லப்போறது. ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்கம்மா."

படித்தார். முதல் பக்கத்தில் மன்னிப்பு. மற்ற மூன்று பக்கத்தில் விளக்கம். ஒரு பிழை கிடையாது.

மரகதம்மா முழுவதையும் கேட்டார்.

"எப்ப எழுதினீங்க?"

"விடியக்காலை நாலரைக்கு. தியானம் முடிஞ்ச கையோட. அப்பத்தான் மனசு அப்படியே குளிர்ந்து..."

தணிகாசலம் அண்ணாந்து குழாயில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். காகிதத்தை மேஜை மேல் வைத்தார்.

வெளியே ஜீப் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை நிறுத்தவில்லை. மருமகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். செழியன் மட்டும் இறங்கி வந்தான். மரகதம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

"வாப்பா," என்றார் தணிகாசலம்.

"வந்தாச்சு. சொல்லுங்க. உங்க அண்ணனுக்கு இடம் வைக்காதது என் தப்பு, அதானே? அதைத்தானே இந்தத் தடவையும் சொல்லப்போறீங்க?"

அவருக்கு முகம் சுட்டது. 'அப்படி இல்லடா, நான் என்ன சொல்ல வரேன்னா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அவருக்குப் பயமாக இருந்தது.

வாயைத் திறக்காமல் நின்றார்.

செழியன் குரல் ஏறியது. "எனக்கு அப்ப முப்பது வயசுப்பா. இலை முன்னாடி உக்காந்திருந்தேன். கையில சோறு இருந்துச்சு. மாமனார் பாத்துட்டு நிக்கிறார். அவ பாக்குறா. அப்புறமும் எந்திரிக்காம சாப்பிட்டேன், தெரியுமா? நீங்க இன்னும் அசிங்கப்படக் கூடாதுன்னு சாப்பிட்டேன்."

இது தணிகாசலத்துக்குத் தெரியாது. நாலு வருஷமாகத் தெரியாது.

செழியன் மூச்சு வாங்க நின்றான். அப்பா இப்போது ஆரம்பிப்பார் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார் தணிகாசலம்.

செழியன் அவரையே பார்த்தான்.

"நிறைய இருக்கு."

"சொல்லு."

செழியன் வாசல்வரை போனான்.

"அண்ணே," என்றான் டிரைவரிடம். "இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க."