மேஜர் நீந்திய நாலு நிமிஷம்

ஒரு பட்டாளத்திலே வித்யாபதி என்று ஒரு மேஜர் இருந்தார். தொப்பை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். அவருக்கும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில் ஜெயித்து, டெல்லிப் போட்டிக்குப் போக ஆசை வந்துவிட்டது.

மெஸ்ஸில் சமைக்கிற சவரிமுத்து மணப்பாட்டுக் கடலில் நீந்தி வளர்ந்தவன். ஒரு வருஷம் பழகி, அவனும் பேர் கொடுத்திருந்தான். மேஜர் அவனைக் கூப்பிட்டு, நேரம் பார்க்கக் காலில் கட்டுகிற தன் சிப்பை நீட்டினார்.

"டேய், என் சிப் எல்லாருக்கும் முன்னால கரையேறணும். இல்லேன்னா உன் பேரை அடிச்சிடுவேன்."

"முன்னால வந்தாப் போதுங்களா ஐயா?"

"எப்படியாவது வரணும். அது உன் பாடு."

"ஆகட்டுங்கய்யா."

மறுநாள் எல்லாரும் ஏரியில் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மைக் அலறியது. "மேஜர் வித்யாபதி! ஒன்றரைக் கிலோமீட்டர், நாலே நிமிஷம்!"

போட்டியைப் பார்க்க வந்திருந்த பிரிகேடியர் எழுந்தே விட்டார். "கூப்பிடுங்க அவரை! என் கண் முன்னால இன்னொரு தடவை நீந்தட்டும்."

இருபது நிமிஷம் தேடினபின், கூடாரத்துக்குப் பின்னாலிருந்து, பிஸ்கட்டை மென்றபடி மேஜர் வந்தார். தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"அப்போ உங்க சிப் எப்படி நீந்திச்சு?"

அதற்குள் எல்லாருக்கும் முந்திக் கரையேறிய சவரிமுத்து சல்யூட் அடித்தான். "முன்னால வரணும்னு மேஜர் ஐயா உத்தரவுங்க. என் காலை நம்ப முடியுமா? அதான் மீட்புப் படகிலே கட்டி அனுப்பினேன். என் காலில இருக்கிறது என் சிப். சைக்கிள் நிக்குது, நான் வரட்டுங்களா?"

டெல்லிக்குச் சவரிமுத்துதான் போனான். மேஜரை இடுப்பில் டியூப் மாட்டி ஏரியில் இறக்கினார் பிரிகேடியர். நீச்சல் வாத்தியார், அதே படகுக்காரர்.