வீட்டுத் தலைவர் கழுவும் கால்

"வந்தவன் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார், அப்புறம்..." என்று மூத்த துறவி ஒருவர் சொல்வாராம், மீதி எனக்கு மறந்துவிட்டது.

இங்கிலாந்து அரசர் கிறிஸ்தவத் துறவி மடங்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. "மடத்தை எழுதிக் கொடும். இல்லாவிட்டால் தூக்குதான்," என்றான் அரசரின் அதிகாரி. பெனடிக்ட் சபை மடாதிபதி ஆஸ்மண்ட் பேனாவை எடுத்தார்.

சமையற்காரன் ஹாப்கின் வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்தான். "எசமான், வந்தவர் காலை வீட்டுத் தலைவர் கழுவுவது இங்கே வழக்கம்."

அதிகாரி சிரித்தபடி காலை நீட்டினான். "கழுவச் சொல் உங்கள் சாமியை!"

"அவர் எதற்கு? வீடு இனி உங்களுடையதாமே! வாசலில் பிச்சைக்காரர்கள் சேற்றுக்காலோடு நிற்கிறார்கள். வாங்க, குனியுங்க."

அதிகாரி பாத்திரத்தை எட்டி உதைத்தான்.

"வீடு மட்டும் வேணுமாக்கும்," என்றான் ஹாப்கின்.

மடாதிபதி கையெழுத்துப் போடாமல் பேனாவை வைத்துவிட்டு, காலிப் பாத்திரத்தை எடுத்து மறுபடி நீர் நிரப்பிக்கொண்டு, பிச்சைக்காரர்கள் நின்ற வாசலுக்குப் போனார்.