பஞ்சு வேனின் ஆக்ஸில்

கார் பந்தயம் பார்க்கப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போன காலம் அது. கோயமுத்தூர் மில் முதலாளி ஜெகந்நாதன் தன் காரில் இருநூறு குதிரைச்சக்தி எஞ்சினை ஏற்றியிருந்தார். கொடி அசைந்ததும் கார் உறுமும். மறுநொடியே பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் படக்கென்று முறியும். இரண்டு வருஷமாக இதே கூத்து.

மில் வெல்டர் அய்யாவுவைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை முறிஞ்சா உனக்கு வேலை இல்லை. கண்ட கண்ட வண்டிச் சாமானும் எனக்கு ஆகாது. பரம்பரையா பேரெடுத்த ஆக்ஸிலா இருக்கணும்!"

"அப்படியே பார்த்து மாட்டிர்றேனுங்க."

அய்யாவு பத்து நாள் எதையோ வெட்டினார், ஒட்டினார், கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பந்தயத்தில் முதலாளி ஓட்டிய கார் சீறிக்கொண்டு கிளம்பியது. ஆக்ஸில் இம்மிகூட அசையவில்லை. கோப்பை முதலாளி கைக்கு வந்தது.

"சீமைச் சாமான்னா சீமைச் சாமான்தான்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, "எந்தக் கம்பெனிப்பா அது?" என்றார் முதலாளி.

"நம்ம மில்லு பஞ்சு வேனோடதுங்க. காயலான் கடைக்குப் போடச் சொன்னீங்களே, அதேதான். இருபத்தஞ்சு வருஷம் பஞ்சு சுமந்துச்சு. அது போக, சின்ன வயசுல உங்களையும் உட்கார வெச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோச்சு. ஒருநாளாச்சும் முறிஞ்சுதுங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி மைக்கை வைத்துவிட்டு வந்து, காருக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வேன் ஹாரனை நான்தான் அடிச்சுட்டே போவேன். அதை என்னப்பா பண்ணினே?"

"அதையும் மாட்டியிருக்கேனுங்க. நீங்கதான் இன்னும் அடிச்சே பார்க்கலே."