கோணல் காற்றாலை

ஊரிலேயே பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே காற்றாலைப் பொம்மை செய்துவர வேண்டும் என்று உத்தரவு. கண்காட்சி அன்று பார்த்தால், பொம்மைக் கடை தோற்றது போங்கள்! ஓரத்தில் ஒன்று மட்டும் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. அது தங்கபுஷ்பத்தின் மகள் இசக்கி செய்தது.

தாளாளர் அம்பலவாணன் வந்தார். பெற்றோர் அத்தனை பேர் முன்னாலும் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்னம்மா இது குப்பை? மத்த பிள்ளைங்க செஞ்ச மாதிரி நாளைக்கு ஒண்ணு வரணும். இல்லேன்னா உன் மக வெளியேதான் நிக்கணும்.”

இசக்கி அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தாள். தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் குரல் இறங்கவில்லை.

“அப்படியே செஞ்சிருவோம் சார். மத்த பிள்ளைக எப்படிச் செஞ்சாங்கன்னு யாராவது சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“இவ்வளவுதானே!” தாளாளர், முதல் பரிசு வாங்கிய தன் பேத்தியையே முன்னால் நிறுத்தினார். “சொல்லும்மா, எப்படிச் செஞ்ச?”

பேத்திக்குப் பொய் சொல்ல இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

“நான் தூங்கிட்டேன் தாத்தா. எந்திரிச்சுப் பாத்தா காத்தாடி சுத்திக்கிட்டு இருந்துச்சு.”

சுற்றி நின்ற அப்பா அம்மாமார், பசைக் கறை போகாத விரல்களை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

தங்கபுஷ்பம் தாளாளர் கையிலிருந்த காற்றாலையை வாங்கி, மேசைக்கு நட்டநடுவில் வைத்தாள்.

“தப்பு எம் மக மேலதான் சார். தூங்காம உக்காந்து அவளே செஞ்சுட்டா.”